இறங்குபடி

ஏறுவது ஒன்றுமில்லை.
மூச்சிருந்தால் வால்பராய்சோவின் எந்தக் குன்றையும்
ஏறிவிடலாம்.
இறங்கும்போதுதான் முழங்கால் கணக்குக் கேட்கும்.

கிழிந்த சவ்வைத் தைத்தார்கள். மூன்று தையல்.
வெட்டி எடுத்திருந்தால் எப்போதோ திரும்பியிருப்பாய்
என்றான் அலுவலகத்தில் ஒருவன்.
தைத்ததால், ஆறு மாதம் குந்தக் கூடாது.

நான் தண்ணீர் மீட்டர் பார்ப்பவள்.
இந்த ஊரில் மீட்டர்கள் தரையோடு கிடக்கின்றன.
நாளைக்கு இருநூறு முறை குந்தி எழுவதற்குத்தான்
எனக்குச் சம்பளம்.

பிசியோ விளாதிமிர் ஒரு நாற்காலி வைத்திருந்தான்.
உட்கார், எழு, உட்கார், எழு.
மாதத்துக்கு ஒரு விரற்கடை அதன் உயரம் குறையும்.
அளவுநாடாவை இரு தொடையிலும் சுற்றுவான்,
வித்தியாசத்தைச் சொல்ல மாட்டான்,
எழுதிக்கொள்வான்.

பத்தாம் மாதம் வேலைக்குப் போனேன்,
நீளக் கம்பின் நுனியில் கைபேசியைக் கட்டிக்கொண்டு,
மூடியைத் தூக்க ஒரு கொக்கியும் வைத்து.
நின்றபடியே படம் எடுத்து எண்ணைப் படிப்பேன்.
கோர்டில்யேரா குன்றுப் பிள்ளைகள்
தூண்டில்காரி என்று பேர் வைத்தார்கள்.

ஸ்கேனில் எல்லாம் ஒட்டிவிட்டது.
மருத்துவர் கைகுலுக்கி அனுப்பிவிட்டார்.
கால்தான் நம்பவில்லை.
ஒவ்வொரு படி விளிம்பிலும் ஒரு கணம் நிற்கும்,
கடன் கொடுத்து ஏமாந்தவள்
பர்ஸைத் தொட்டுப் பார்ப்பதுபோல.

"நெல்டா, மழை வருமா?"
ஜன்னலிலிருந்து கேட்கிறார்கள்.
என் முட்டிக்கு வானிலை தெரியாது.
உள்ளே ஒரு சொடுக்குக் கேட்கும், அவ்வளவுதான்.
வலிக்காத சத்தத்தைக் கண்டுகொள்ளாதே என்கிறான் விளாதிமிர்.

நேற்று, பதினான்காம் மாதம்,
நாற்பத்தேழாம் எண், ஒர்தென்சியா அம்மாள் வீட்டு வாசல்.
கண்ணாடியில் சேறு.
படத்தில் கடைசி இலக்கம்
ஆறா எட்டா தெரியவில்லை.
கட்டைவிரலால் துடைத்து
எட்டு என்று குறித்த பிறகுதான் தெரிந்தது
நான் எங்கே இருக்கிறேன் என்று:
குதிகால்மேல் உட்கார்ந்திருக்கிறேன்.

அப்போதுதான் பயம் வந்தது.
எழவேண்டுமே.
கேட் கம்பியை இரண்டு கையாலும் பிடித்து எழுந்தேன்.
அந்த வீட்டு நாய், எப்போதும் குரைப்பது,
சும்மா பார்த்தது.

அடுத்த வீட்டில் மறுபடி கம்பைத்தான் நீட்டினேன்.
அதற்கடுத்த வீட்டிலும்.
ஐம்பத்து மூன்றில் கம்பைச் சுவரில் சாய்த்துவிட்டுக்
கொஞ்ச நேரம் நின்றேன்.

துறைமுகத்தில் கிரேன்கள் திரும்பிக்கொண்டிருந்தன.
கடல்வரை இன்னும் நூற்றிருபது படி,
எல்லாம் இறக்கம்.