உதிர்ந்த ஜிகினா

ஆஸ்த்ராவாவில் காலை ஐந்துக்கு
உருக்காலைச் சங்கு ஊதும்.
ஒரு ஷிப்டு வீட்டுக்குப் போகும்,
நாங்கள் இருவரும் பனித்தளத்தில் இறங்குவோம்.

பதினோரு வருடம்
லிபுஷேயின் இடது கை என் வலது கையில்.
சண்டை போட்ட நாட்களிலும்.
அவள் கல்யாணத்தன்று மட்டும்
அதை வேறொருவன் பிடித்திருந்தான்;
நான் கோட்டுப் பைக்குள்
சாவிக்கொத்தைத் துழாவிக்கொண்டிருந்தேன்.

ஒரு கத்திக்கு இரண்டு விளிம்பு.
ஏதாவது ஒன்றில் சாய்ந்தாக வேண்டும்,
நடுவில் நின்றால் புள்ளி போய்விடும்.

ப்ரெமனில் இறுதிச் சுற்று.
முந்தின ஜோடியின் உடையிலிருந்து
ஒரு ஜிகினா உதிர்ந்து கிடந்திருக்கிறது.
அவள் கத்தி அதில் இடறியது.
விழப் போனவளை
ஒரு சுழற்சியாக மாற்றிவிட்டேன்.
இல்லை, மாற்றியது தான்தான் என்பாள்.
அந்த வழக்கு இன்னும் தீரவில்லை.
அரங்கமே எழுந்து நின்று கை தட்டியது
அந்தத் தடுமாற்றத்துக்குத்தான்.
ஐந்து புள்ளி ஒன்பது, ஏழு நடுவர்களிடம்.
மறு வருடம் ஊர் ஊராய்ச் சிறுமிகள்
தடுமாறப் பயிற்சி எடுத்தார்கள்.

பதக்கம் அவள் வீட்டில்
கத்தரிக்கோல், பசை டப்பாவோடு ஒரே இழுப்பறையில்.
டிராம் கம்பெனியில் கணக்கெழுதி
ஓய்வும் பெற்றுவிட்டாள்.
இடுப்பு மூட்டு புதிது.

போன ஜனவரி, சந்தையிலிருந்து திரும்பும் வழியில்
நடைபாதையெல்லாம் கண்ணாடிப் பனி.
உருளைக்கிழங்கு விலையைத் திட்டிக்கொண்டே வந்தவள்
திட்டை நிறுத்தாமல்,
என் பக்கம் திரும்பாமல்
இடது கையை நீட்டினாள்.

கிலோவுக்கு இருபத்தெட்டு கொருனாவாம்.
அநியாயம்தான் என்றேன்,
பிடித்துக்கொண்டு.