நூல் அறுந்தால்

அநுராதபுரச் சந்தியில், டயர்க் கடைக்குப் பக்கத்து வெறும் வளவில்
வாகனம் விற்கிறேன்.
வாகனம் வேறொருவருடையது, வாய் மட்டும் என்னுடையது.

டொயோட்டா வந்தால் வாய்க்கும் வேலை குறைவு.
பேரைச் சொன்னால் விலை தானே ஏறி நிற்கும்.
பத்து வருடம் ஓடிவிட்டு, வாங்கிய விலைக்கு மேலே விற்கலாம்.
எங்கள் ஊரில் தங்கத்துக்கு அடுத்த மரியாதை அதற்குத்தான்.
கிண்ணியாவுக்குப் பாலம் வருமுன்
பாதையில் ஏறி, உப்புத் தண்ணீரில் சில்லு நனைந்து,
இறங்கிய கையோடு மூதூர் வரை மீன் இழுத்த வண்டிகள்.
டீசலில் மண்ணெண்ணெய் கலந்து ஊற்றிய காலத்திலும்
இருமியது,
நிற்கவில்லை.

வாங்க வருபவர்களுக்கு ஒரு கதை வைத்திருக்கிறேன்.
பழைய வேன் என்றாலும் வம்சம் கேட்டுத்தானே எடுப்பார்கள்.
ஆதியில் அவர்கள் செய்தது கார் இல்லை, தறி.
தச்சன் மகன் ஒருவன் யோசித்துச் செய்தது.
ஆயிரம் நூல் ஓடும்போது ஒன்று அறுந்தாலும்
யாரும் தொடாமல் தானாக நின்றுவிடும்.
அதன் உரிமையை வெள்ளைக்காரனுக்கு விற்ற காசில்தான்
கார் பிறந்தது என்பார்கள்.
பிறகு குடும்பப் பெயரில் ஓர் எழுத்தை மாற்றினார்கள்,
எட்டுக் கீறலில் எழுத வரும் என்று.
அங்கே எட்டு ராசி, இங்கே எட்டு சனியன்.
இந்த இடத்தில் எல்லோரும் சிரிப்பார்கள்.
விலை பேசத் தோதான நேரம் அது.

நாற்பத்திரண்டில், சித்திரைப் பிறப்புக்குச் சில நாள் முந்தி
அந்த நாட்டு விமானங்கள் இங்கே குண்டு போட்டதையும்
சீனக்குடா எண்ணெய்த் தாங்கி நாட்கணக்காய் எரிந்ததையும்
அதே கொம்பனி அப்போது பட்டாளத்துக்கு
லொறி செய்துகொண்டிருந்ததையும்
சொல்வதில்லை.

போன ஆவணியில் ஒரு டொல்பின் வந்தது. வெள்ளை.
‘வழியில் கைவிடாது’ என்று
மட்டையில் எழுதிக் கண்ணாடியில் செருகினேன்.

மூன்றாம் நாள் பாலையூற்றிலிருந்து மரியநேசம் வந்தார்.
தையல்காரி. சட்டை ஓரத்தில் இரண்டு ஊசி.
எஞ்சினைத் திறக்கச் சொல்லவில்லை,
புத்தகம் கேட்கவில்லை, டயரை உதைத்துப் பார்க்கவில்லை.
என்னை நடுச் சீற்றில் ஏறி இருக்கச் சொன்னார்.
டயர்க் கடை நவ்சாத்தைக் கதவடியில் நிற்கச் சொன்னார்.
தான் கேற்றடிக்குப் போய்க் கண்ணை மூடிக்கொண்டு
“இழுத்துச் சாத்துங்கோ” என்றார்.

சாத்தினான்.

“இன்னொருக்கா. கெதியா.”

கெதியாகச் சாத்தினான்.
உள்ளே எனக்குக் காது அடைத்தது.

“இது இல்லை.”

அது எனக்கு விளங்க ஒரு நிமிடம் பிடித்தது.
நவ்சாத்துக்கு முதலே தெரிந்திருக்கிறது,
நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.
ஊரில் விலைக்கு வரும் வெள்ளை வேன் ஒன்றையும் அவர் விட்டதில்லையாம்,
பதினேழு வருடமாக.

வெறும் வாயோடு இருக்கத் தெரியாதவன் நான்.
தண்ணீர்ப் போத்தலை நீட்டி
தறிக் கதையை எடுத்துவிட்டேன்.
முழுக்கக் கேட்டார்.

“நூல் அறுந்தா நிக்கிற மெசினோ?”

“ஓம்.”

“பிறகேன் இதை
என்ன அறுந்தாலும் ஓடுறமாதிரிச் செய்தவை?”

எட்டுக் கீறல் வரை நான் போகவில்லை.

போகும்போது சொன்னார், கணக்கு ஒப்புவிக்கிற குரலில்:
“அண்டைக்குக் கதவு முதல் இழுப்பில சாத்துப்படேல்லை.
ரெண்டாந்தரம்தான்.
அந்த இடைவெளியில அவன் என்னைத் திரும்பிப் பாத்தவன்.”

அந்த டொல்பின் நிலாவெளிக்கு விலைப்பட்டுப் போய்விட்டது,
பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஏற்ற.
நல்ல வண்டி. குறை ஒன்றும் வரவில்லை.

நேற்று இன்னொன்று கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள்.
சாம்பல் நிறம்.
மட்கார்ட்டுக்குக் கீழே நகத்தால் சுரண்டினால் வெள்ளை.
எஞ்சின் பூனை மாதிரி உறுமுகிறது.
கதவுதான்,
முதல் இழுப்பில் பாதியில் நிற்கிறது.

கிறீஸ் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு
காலையிலிருந்து
தண்டவாளத்தடியில் குந்தியிருக்கிறேன்.