சின்ன எழுத்து

டொலீடோவில் வீடு வாங்கிய ஆண்டு
அரசு ஏழாயிரத்து ஐந்நூறு டாலர் தந்தது.
முதல் வீட்டுக்காரர்களுக்கு வரிச்சலுகை என்றார்கள்.
வெண்டல் என்னைத் தூக்கிச் சுற்றினான்.
அப்புறம்தான் சின்ன எழுத்தைப் படித்தோம்:
கடன்.
ஆண்டுக்கு ஐந்நூறாய்ப் பதினைந்து ஆண்டு.

நான்காம் தவணையில் கூரை ஒழுகத் தொடங்கியது.
ஆறாவதில் வெண்டல்
இன்னொருத்தியின் வாடகை வீட்டுக்குப் போனான்.
மிச்சத் தவணையும் நாயும்
என் பேரில்.

ஏப்ரல்தோறும் அதே கட்டம், அதே ஐந்நூறு.
நாய்கூட பன்னிரண்டாவதோடு போய்விட்டது.

இந்த வருஷம்
அந்தக் கட்டத்தில் எழுத எதுவுமில்லை.
பேனா கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது,
பஸ் போன பிறகும் நிற்பவள் மாதிரி.

பிறகு
கூரை வேலை பார்க்கும் ஷிமான்ஸ்கிக்குப் போன் போட்டேன்:
ஐந்நூறு டாலருக்கு
எத்தனை அடி வரும்?