பன்னிரண்டரை

ஓமானின் சரளைச் சமவெளி. உச்சிவெயில்.
வெளிறிய கல்மேல் வெள்ளை ஓரிக்ஸ்:
திரையில் இரண்டு கொம்புகள் மட்டும்
யாருடையவோ போல.
ஒளியைக் குறைத்தேன். இன்னும் குறைத்தேன்.
உடம்பு வந்தது,
வானம் கறுத்துவிட்டது.

கேமரா கொதித்து அணைந்தது.
பகீத் தலைத்துணியை அவிழ்த்து
குடிக்க வைத்திருந்த நீரில் நனைத்து
அதற்குப் போர்த்திவிட்டு
வெறுந்தலையோடு உட்கார்ந்தார்.
"நாலு மணிக்கு மேல் என்றேனே."

அப்போதுதான் அது நடந்து வந்தது,
எங்கள் வண்டியின் நிழலுக்கு.
ஒரு முழ நிழல்.
பாதி உடம்புதான் அடங்கியது.

மூச்சு கேட்கிறது.
ஐந்து மீட்டருக்குள் எதுவும் தெரியாத
நீள லென்ஸ் என் மடியில்.
எழுந்தால் போய்விடும்.
வெயிலிலேயே இருக்கிறோம் இருவரும்.

தண்ணீர் கேன்
அதன் காலடியில்.