அரை மில்லிமீற்றர்

பாலையூற்றில் கரண்ட் போய் வந்த நொடியில்
துளை விலகிவிட்டது.
அரை மில்லிமீற்றர்.

கடையில் வாங்கிய பிணைச்சல் மூன்றையும்
கடற்காற்று தின்று முடித்தபிறகு
கராஜ் கதவுக்கு
நானே வெட்டும் நாலாவது.
சீனக்குடாப் பழைய இரும்பு, ஐந்து மில்லித் தகடு.
துளையலகு இரண்டு முறிந்தது.
கிரைண்டர் பொறியில் நைட்டி முழுக்க ஓட்டை.

வேலியால் எட்டிப் பார்த்த றொசைறோ
"திரும்ப வெட்டுங்கோ அக்கா" என்றான்.

வெட்டவில்லை.
வட்ட அரத்தால் ராவி ராவி
துளையை முட்டையாக்கினேன்.

கதவு இப்போது சத்தமில்லாமல் சாத்துகிறது.
திறக்கத்தான்
ஒரு விரற்கடை தூக்கவேண்டும்.
கள்ளனுக்கு அது தெரியாது
என்று சொல்லித் திரிந்தேன்.

நேற்று வாடைமழை,
இரண்டு கையிலும் சாமான்,
கதவை உதைத்துக்கொண்டு நிற்கிறேன்.
வேலிக்கு அப்பாலிருந்து குரல்:

"தூக்குங்கோ அக்கா."