பதினொரு யன்னல்

வெள்ளவத்தையில், கடல்பக்கத் தெருவில் என் கடை:
எட்டடிக்குப் பத்தடி.
ஜயவீர மாத்தயா புது வாடகை சொன்ன அன்று
பிளேன்டீக்குப் பத்து ரூபா கூட்டினேன்.

ஊற்றுகிற நிரோஜனுக்கு அறை ராகமையில்.
கோச்சி பிந்தினால்
என் முதல் தேத்தண்ணியும் பிந்தும்.
சம்பளத்தில் பாதி அறைக்கு,
மீதியில் கொஞ்சம் சீசன் டிக்கெட்டுக்கு.
போன கிழமை
"கூட்டித் தாங்கோ அண்ணை" என்றான்.
நான் கேத்திலைப் பார்த்தேன்.

எதிரே முப்பத்திரண்டு மாடி.
எல்லாம் விற்று முடிந்ததாம்,
ஸ்காபரோவிலும் சூரிச்சிலும் இருப்பவர்களுக்கு.
இரவு கடை பூட்டும்போது எண்ணினேன்:
வெளிச்சம் பதினொரு யன்னலில்.

பதினொரு யன்னல்
எத்தனை பிளேன்டீ குடிக்கும்?

அந்தக் கட்டடத்தைக் காட்டித்தான்
மாத்தயா சொன்னார்:
"இந்த இடம் இப்ப நல்ல விலைதானே, மல்லி."