உப்பு அறை

பிறை தொழிற்பேட்டையில், டயர் கடைக்குப் பின்னால்,
கடல் ஓசியில் தருவதை
நாங்கள் அளந்து தெளிக்கிறோம்.
நூற்றுக்கு ஐந்து பங்கு உப்பு,
முப்பத்தைந்து பாகை வெப்பம்,
இரவு பகல் நிற்காத பனி.

பெட்டிக்குள் தொங்குகின்றன
கம்பியைக் கோபுரத்தோடு கோக்கப் போகிறவை:
கிளாம்ப் நான்கு, ஷேக்கிள் ஆறு.
நைலான் நூலில் தள்ளித்தள்ளிக் கட்டினேன்.
ஒன்றின் சொட்டு மற்றொன்றின்மேல் விழக் கூடாது
என்பது விதி.
குடும்பங்களுக்கு அப்படியொரு விதி இல்லை.

இரண்டாம் வாரம் வெண்துரு.
கோலமாவு சிந்தியதுபோல.
பயமில்லை, அது துத்தநாகம்,
தன்னைத் தின்னக் கொடுத்து
இரும்பை மறைத்து நிற்கிறது.
அதைப் பாராட்ட
படிவத்தில் கட்டம் கிடையாது.

ஆயிரம் மணி தாங்க வேண்டியது.
எழுநூற்று நாற்பத்து நாலில்,
நான்காம் ஷேக்கிளின் கழுத்தில்,
மிளகளவு சிவப்பு.
உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள்.
இரும்பு நினைத்துவிட்டது.

முகிலரசன் போனில் வந்தார், விற்பவர்களின் ஆள்.
"ஒரு புள்ளிதானே மேடம்,
துடைத்தால் போய்விடும்."
போகும்தான்.
தெலுக் கும்பார் கடலோரத்தில்
நாற்பது மீட்டர் ஏறி
தினமும் துடைப்பது யார்?
கேட்கவில்லை. "பார்க்கிறேன்" என்றேன்.
அந்தச் சொல் எனக்கே பிடிக்கவில்லை.

பிறகு இழுவை எந்திரம்.
தடுப்புக்குப் பின்னால் நின்று
ஹஸ்னுல் எண்களைச் சத்தமாய் வாசிக்கிறான்.
நூறு. நூற்றுப் பத்து.
சான்றிதழ் கேட்டது நூற்றிருபது கிலோ நியூட்டன்.
துருப்பிடித்த நான்காவது
நூற்று முப்பத்தொன்று வரை போய்
மெல்ல நீண்டு, வாய் திறந்து, விட்டது.
மரியாதையான சாவு.

அடுத்து, ஒப்பிட வைத்திருந்த புதியது.
உப்பே படாதது.
பிளாஸ்டிக் உறை பிரிக்கையில்
என் முகம் தெரிந்தது அதில்.
தொண்ணூற்றாறு என்றான் ஹஸ்னுல்,
அடுத்த எண்ணுக்கு வாயெடுப்பதற்குள்
வெடி.
தகரக் கூரையில் புறாக்கள் எழுந்தன.

உடைந்த முகத்தை விளக்கடியில் திருப்பினேன்.
நடுவில் ஒரு பொட்டுக் காற்று.
வார்த்த அன்றைக்கே உள்ளே தங்கியது,
பூச்சு, பளபளப்பு, முத்திரை
எல்லாம் அதன்மேல்தான் ஏறியிருந்தன.

இரண்டு வரி எழுதினேன்.
நான்காவது: துரு, தேறவில்லை.
புதியது: பலம், தேறவில்லை.
தாங்கிய எண்ணை எங்கே எழுதுவது என்று
கொஞ்ச நேரம் பேனாவோடு உட்கார்ந்திருந்தேன்.
குறிப்பில் எழுதினேன். குறிப்பை யார் படிக்கிறார்கள்.

மாலை பெர்ரியில், மோட்டார் சைக்கிளோடு.
எதிர்க்கரையில் ஒவ்வொன்றாய்
மாடிகள் எரியத் தொடங்குகின்றன,
எந்த ஷேக்கிளின் தயவிலோ.
போன் அடிக்கிறது, மறுபடி முகிலரசன்.
எடுக்கவில்லை.
காற்றில் உப்பு.
கைக்கடிகாரக் கொக்கியில் மிளகளவு சிவப்பு.
சட்டை நுனியால்
துடைக்கிறேன்.